இரண்டு இடக்கைக் கரடி

செவ்வாய், காலை

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத மூன்று நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். நான் போனைக் காதில் வைத்தாலே என் மாமியார், யாரு வந்திருக்கா, யாரு வந்திருக்கா என்று அதைப் பிடுங்குகிறார். குரல் கேட்கிறது, ஆளைக் காணோம் என்றால் அழுகை. பேனாவுக்குச் சத்தம் கிடையாது, அதனால் காகிதம்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். இருபத்து மூன்றாம் தேதி. உன் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், கரை இறங்க இன்னும் இரண்டு மாதம். ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'உடனிருப்பவர்' என்ற கட்டத்தில் உன்னைக் கேட்காமலே உன் பெயரை எழுதிவிட்டேன் அக்கா என்று ஒரு வரி. பக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு முகம் வேறு வரைந்திருக்கிறாய். அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. நான் வருவேன். பன்னிரண்டு நாள் கூட இருப்பேன். எப்படி என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. போன தடவை நீ கேட்டபோது, அத்தைக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே என்று மழுப்பினேன். நாலு மாதத்துக்கு முன் நான் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். மூன்று தெரு தள்ளி, நின்றுகொண்டிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, என்னை எங்கம்மா வீட்டுல விட்டுடு தம்பி என்று கண்டக்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. அதற்கப்புறம் கதவைப் பூட்டிப் பார்த்தோம். பூட்டிய கதவைக் கண்டால் கை வீங்கும்வரை தட்டுகிறார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது நான்தான். பழைய போர்வையில் ஆறடிக்கு ஒரு பட்டி கிழித்து, ஓரம் தைத்து, ஒரு முனையை அவர் மணிக்கட்டிலும் ஒரு முனையை என் இடுப்பிலும் கட்டினேன். அன்றோடு தட்டுவது நின்றது. உன் அத்தான் என் மூளையைப் புகழ்ந்தார். அந்தப் புகழைச் சாப்பிட்டுக்கொண்டு நாலு மாதமாக ஆறடிக்குள் வாழ்கிறேன். குளியலறைக்குப் போனால் கதவுக்கு அடியில் பட்டியும் கூட வரும். நான் இருக்கிறேனா என்று அவர் இரண்டு இழுப்பு இழுப்பார். நானும் உள்ளேயிருந்து இரண்டு இழுப்பு இழுத்துப் பதில் சொல்வேன். சிரிக்காதே.

இந்த நாலு மாதத்தில் நாற்பத்தொரு கரடி செய்திருக்கிறேன். எல்லாம் இரண்டு அங்குலம். பெரிதாக ஒன்று செய்யேன் என்று வருஷக்கணக்காகக் கேட்கிறாய், ஆனால் பெரிய கரடிக்குத் துணியை விரிக்க மேஜை வேண்டும், எழுந்து நடமாட வேண்டும். சின்னக் கரடி மடியிலேயே முடிந்துவிடும். ஃபெல்ட் துணியை நகம் அளவுக்கு வெட்டித் தைத்து, இடுக்கியால் உள்பக்கத்தை வெளியே இழுத்து, பல்குச்சியால் பஞ்சைத் திணிக்கிறேன். கண்ணுக்குக் கறுப்பு மணி. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பார். இது யார் பெத்த பிள்ளை என்பார். என்னுடையதுதான் என்பேன். உனக்குத்தான் பிள்ளையே இல்லையே என்பார். இந்த ஒரு விஷயம் மட்டும் எப்படி மறக்காமல் இருக்கிறதோ தெரியவில்லை.

என் நாத்தனாரிடம் கேட்டுவிட்டேன். அம்மாவைப் பதினைந்து நாள் வைத்துக்கொள்ள அவளுக்குத் தடையில்லையாம். ஆனா நீங்க இல்லாம ஒரு மணி நேரம் இருக்க மாட்டாங்களே அண்ணி, முதல்ல ஒரு நாள் முழுக்க உங்களை விட்டு இருக்கட்டும், அப்புறம் தாராளமா கூட்டிட்டுப் போறேன் என்றாள். நியாயம்தான். அதனால் நீ கேட்டபடி பெரிய கரடி செய்யப்போகிறேன், என் நாற்காலியில் எனக்குப் பதிலாக உட்காருகிற அளவுக்கு. பஞ்சோடு, துவைக்காத என் நைட்டி மூன்றையும் உள்ளே வைத்துத் தைப்பதாக யோசனை. ஆள் மறந்தாலும் வாசனை மறக்காது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார்.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. ரத்தத்தில் இரும்பை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

உன் அக்கா

•

வெள்ளி, மதியம்

அன்புள்ள குட்டிக்கு,

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் இருக்கின்றன. இரண்டும் ஒரே செய்தி.

கரடியை முடித்துவிட்டேன். உட்கார்ந்தால் மூன்றடி. பழுப்பு நிற ரோமத் துணி. கை கால் அசைய போல்ட்டும் வாஷரும் வேண்டும் என்றதும் உன் அத்தான் தன் கிடங்கிலிருந்து வரும் வழியில் கடையில் நின்று, அளவு பார்த்து வாங்கி வந்தார். சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனிதர் இல்லை. நிமிர்ந்து உட்கார அடியில் கூழாங்கல் மூட்டை வைத்தேன். தூக்கிப் பார்த்தால் ஒரு வயதுப் பிள்ளை கனம்.

ஆனால் பத்து வருஷமாகக் கரடி செய்கிற நான் ஒரு கூத்து அடித்தேன். ஃபெல்ட்டுக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் கிடையாது. ஒரே அளவு அட்டையை வைத்து இரண்டு கையையும் வெட்டி, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் திருப்பினால் இடக்கை வலக்கை ஆகிவிடும். ரோமத் துணியில் அது நடக்காது. ரோமம் ஒரு பக்கம்தான், அட்டையைக் கவிழ்த்துப் போட்டு வெட்டவேண்டும். கை பழக்கத்தில் கவிழ்க்காமல் வெட்டிவிட்டேன். தைத்து முடித்துப் பார்த்தால் இரண்டும் இடக்கை. வேறு துணியும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு வந்தது வரட்டும் என்று ஒன்றை வலப்பக்கம் மாட்டினேன். அதன் உள்ளங்கை உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றது, யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி.

என் நாற்காலியில் உட்காரவைத்தேன். அத்தை வந்து நின்று பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, குட்டி, அந்த வலப்பக்கத்து உள்ளங்கையைப் பார்த்தார். மெதுவாகத் தன் கையை அதில் வைத்தார். அப்புறம் மூக்கைக் கொண்டுபோய்த் தோளில் வைத்து முகர்ந்துவிட்டு, வந்துட்டியா என்றார். என் இடுப்புப் பட்டியை அவிழ்த்துக் கரடியின் இடுப்பில் கட்டினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரியாகத் தைத்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

முதல் நாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை. சாப்பாடு ஊட்ட மட்டும் நான் போனேன். உன் அத்தான் கரடிக்குச் சின்ன மருமகள் என்று பெயர் வைத்துவிட்டார். சக்களத்தியை நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். நான் பெட்டியில் அத்தை துணிகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், கரடியைப் பார்த்தாள், கண் கலங்கினாள். எவ்வளவு நிம்மதியா இருக்காங்க அண்ணி, இப்போ போய் இடம் மாத்தினா திரும்ப மோசமாயிடுவாங்களே, பாவம் என்றாள். உன் அத்தானும் உடனே ஆமாம் போட்டார். பெட்டியைத் திறந்து துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கியதும் நான்தான்.

சரி, அத்தை இங்கேயே இருக்கட்டும், கரடிதான் இருக்கிறதே, நீங்கள் இருவரும் லீவு போட்டு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவளுக்குப் பிள்ளைகளின் பரீட்சை. அவருக்குக் கிடங்கில் சரக்குக் கணக்கெடுப்பு. கரடியா சோறு ஊட்டும், கரடியா குளிப்பாட்டும் என்று கேட்டார். அம்மாவை அனுப்பவேண்டாம் என்பதற்குக் கரடி போதும். நான் போகவேண்டும் என்றால் மட்டும் அது வெறும் துணி மூட்டை. நாலைந்து நாளாகக் கரடியாய்க் கத்திப் பார்த்துவிட்டேன், குட்டி. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, நான் சொந்த நைட்டியில் வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியாததால் நேற்றுப் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகத் துலக்கினேன். நீ கவலைப்படாதே. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

உன் அக்கா

•

திங்கள், காலை பதினொரு மணி

என் கண்ணு குட்டிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். நாளை மறுநாள் உனக்கு ஆபரேஷன். நேற்று ராத்திரி உன் அத்தான், ஆபரேஷன்தானே, டாக்டர்ங்க பாத்துப்பாங்க, நீ போய் என்ன கத்தியா பிடிக்கப்போறே என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றதும் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

இன்று காலை அவர் வேலைக்குப் போனதும், அத்தையைக் கரடி பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தெருமுனை மருந்துக்கடை வரை போனேன். ஐந்து நிமிஷ வேலை. நாலு மாதத்தில் முதல்முறையாக இடுப்பில் ஒன்றும் இல்லாமல் தெருவில் நடந்தேன். நம்பமாட்டாய், தையல்கடை தாண்டும்போது பட்டி இரண்டு தடவை இழுபடுகிற மாதிரி இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்படியும் பாதித் தெருவில் நின்றுவிட்டேன். கூட்டுக் கதவைத் திறந்துவிட்டாலும் உள்ளேயே உட்கார்ந்திருக்குமே, அந்தக் கிளி மாதிரி ஆகிவிட்டேனோ என்று பயமாகிவிட்டது. மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன்.

கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே பேச்சுக் குரல். அத்தை கரடியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டேன். ஏம்மா, நீ இன்னும் கிளம்பலையா, உன் தங்கச்சிக்கு ஆபரேஷன்னு சொல்லிட்டே இருந்தியே, அது தனியா என்ன பண்ணும் பாவம், போயிட்டு வா, நான் எங்கேயும் போக மாட்டேன், இங்கேயே உக்காந்திருக்கேன் என்றார். அந்த வெளிப்பார்த்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கரடி தைத்த நாட்களில் நான் உன்னைப் பற்றி வாய் ஓயாமல் புலம்பியிருக்கிறேன். சுவரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். அத்தனையும் அவருக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த வீட்டில் போயிட்டு வா என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதையும் என்னிடம் சொல்லவில்லை, நான் தைத்த மூட்டையிடம் சொன்னார். நான் உள்ளே போனதும், நீங்க யாரு, வீட்டுல ஆம்பளைங்க இல்லையே என்றார். வாசலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டு எழுந்து உலை வைத்தேன்.

உன் அத்தானுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அம்மா பேச்சையெல்லாம் போய்ப் பெருசா எடுத்துக்கறியே என்று சிரித்தார். இத்தனை நாளாக அந்த அம்மாவின் பேச்சுக்குத்தானே நான் ஆறடிக்குள் இருந்தேன் என்று கேட்டேன். லாரி வந்திருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். அது சரி என்பதா இல்லை என்பதா, எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

நாளை காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, மதியம் இரண்டரைக்கு ஒன்று இருக்கிறது. என் இரண்டு புடவையும் பல் துலக்கியும் துண்டுத்துணிக் கூடைக்கு அடியில் இருக்கின்றன. இன்று சாயங்காலம் அவர் வந்ததும் மறுபடி கேட்பேன். இந்த முறை அத்தையின் பட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பேன். நீயும் கூரியர் கிடைத்ததும் அவருக்கு ஒரு போன் பண்ணு. அத்தான், அக்காவை அனுப்புங்க என்று உன் குரலில் ஒருமுறை கேள். உன் குரலுக்கு அவர் எப்போதும் கொஞ்சம் இறங்குவார்.

இதோடு ஒரு இரண்டு அங்குலக் கரடி வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது. ஃபெல்ட்தான், சரியாகவே திருப்பியிருக்கலாம். வேண்டுமென்றே ஒரு கையை மாற்றித் தைத்தேன். மயக்க மருந்து கொடுக்கப் போகும்போது நர்ஸிடம் சொல்லி அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். நகை இல்லை, பொம்மைதான் என்று சொல்லு, விடுவார்கள்.

பயப்படாமல் போ. தூங்குகிற மாதிரிதான் இருக்கும் என்கிறார்கள். நல்லபடியாகக் கண் விழிப்பாய், நூறு வயது இருப்பாய், என் ஆயுசையும் சேர்த்து இருப்பாய். கண் விழிக்கும்போது பக்கத்தில் நான் இருந்தால் என்னைத் திட்டு, ஏன் இவ்வளவு லேட் என்று. நாளை ராத்திரி வரை நான் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் வேறு யார் பெயரையாவது எழுதச் சொல்வார்கள். எழுதிவிடாதே குட்டி. அந்தக் கட்டத்தில் என் பெயரை மட்டும் அடித்துவிடாதே.

உன்
அக்கா