ஒன்பது கட்டையும் ஒரு கோடும்

மச்சான்,

அந்தப் பட்டப்பெயர் உன் சாவு வரைக்கும் கூடவே வரும் என்று அன்றைக்கே சொன்னேன். வந்துவிட்டது. கடைத்தெருவில் கட்டியிருக்கும் உன் கண்ணீர் அஞ்சலி பேனரில், பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'கோடுதாண்டி' என்று போட்டிருக்கிறார்கள். உன் மகனே சொல்லிப் போட்டானாம். நான் சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது?

நம் மலையடிவாரத்து உருட்டுக்கொட்டாய் உனக்கு மறந்திருக்காது. வெள்ளைக்காரத் துரை பந்து உருட்டி விளையாடுவதற்காகக் கல்வராயன் தேக்கில் தளம் போட்டுக் கட்டியது. இடம் காட்டியதே என் தாத்தாதான்; அவரைக் கேட்காமல் துரை ஓர் ஆணிகூட அடிக்கமாட்டான். துரை போனபின் அது ஊர்க் கோர்ட்டு ஆனது. வாய்க்கால் தண்ணீரோ வரப்புத் தகராறோ, தளத்தில் கிழித்த கோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கம் நின்று ஆளுக்கு ஓர் உருட்டு. எதிர்க்கோடியில் நிற்கும் ஒன்பது கட்டைகளில் அதிகம் சாய்த்தவன் சொல்வதுதான் தீர்ப்பு.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோட்டை மறிக்க வெட்டிப்போட்ட மரங்கள் போதாதென்று, ஆட்களைத் திரட்டிக்கொண்டு கடப்பாரையோடு வந்தாய். தளத்தைப் பெயர்க்க வேண்டுமாம். இடஒதுக்கீடு எனக்கும்தான் வேண்டும். அதற்கு என் தாத்தாவின் தேக்குதானா கிடைத்தது? வாசலில் குறுக்கே நின்றேன். புலி மாதிரி நின்றேன் என்று இன்றும் ஊரில் பேச்சு.

"புள்ளைங்க படிப்புக்குத்தான்டா ரோட்ல நிக்கிறோம். இந்தப் பலகைய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?" என்றாய்.

"உருட்டிப் பாத்துடலாம் வா," என்றேன்.

நான் எட்டு. நீ ஒன்பது. பொழுது சாய்வதற்குள் தளம் ரோட்டில் கிடந்தது, அப்புறம் சாம்பல்.

நான் விடுவேனா? நீ கோட்டைத் தாண்டி நின்று உருட்டினாய் என்று அன்று மாலையே டீக்கடையில் சொன்னேன். மணலூர்பேட்டைச் சந்தை வரைக்கும் பரப்பினேன். அதன்பின் எந்தப் பஞ்சாயத்துக்கும் உன்னை யாரும் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட, "கோட்டுக்கு இந்தாண்ட குந்துங்க" என்று சிரித்தார்கள். ஒரே ஒருமுறை, பஸ் ஸ்டாண்டில் என் சட்டையைப் பிடித்தாய்.

"மெய்யாலுமே பாத்தியா மச்சான்?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

கையை எடுத்துவிட்டாய். அதோடு நமக்குள் பேச்சும் நின்றது.

தளத்தைப் பெயர்த்ததை நான் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் அந்த ஒன்பதும் ஒன்றாய் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோட்டுக் கதை நான் கட்டியது, மச்சான். ஒருத்தன் ஒன்பதையும் சாய்க்கும்போது எவன் அவன் காலைப் பார்ப்பான்?