கொற்கையிலிருந்து முசிறிக்கு 1,560 கிலோமீட்டர்

11:20. செவ்வாய்க் கிரகம், கொற்கைத் தளம்
விமானி பூங்கோதை. முசிறித் தளத்துக்கு 1,560 கி.மீ. பறக்கும் நேரம் ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். சரக்கு: ஆறு ஆக்சிஜன் வடிகட்டிகள். முசிறியில் இருந்தவை அடைத்துக்கொண்டன. அங்கே முப்பத்தோரு பேர். காற்று இரவு எட்டு மணிவரை தாங்கும். இது சூரிய ஒளியில் ஓடும் விமானம். சூரியன் மறைவது 18:15. 11:30க்குக் கிளம்பினால் வெளிச்சம் தாராளம்.

11:34
கிளம்பவில்லை. தளப் பொறுப்பாளர் சிதம்பரநாதன் கொட்டகைக் கதவைத் திறக்க மறுக்கிறார். சாவி அவரிடம்.
"ஏம்மா, சென்னையில இப்ப வெள்ளிக்கிழமை ராகு காலம். ஒன்றரை மணி நேரம் பொறுத்தா குடியா முழுகிடும்?"
சென்னை எங்கே, நான் எங்கே! இருபது கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன். இங்கே வெள்ளிக்கிழமையே கிடையாது. கத்திப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை.

13:00
கிளம்பினேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வேறு. பசுமைக்கூடத்தில் இந்த மாதம் காய்த்ததே மூன்று. போய்ச் சேரும் நேரம் 18:12. கையிருப்பு மூன்று நிமிடம். அந்த ஆள்மேல் எனக்கு வரும் ஆத்திரத்தை எழுத இந்தப் பதிவேடு போதாது.

17:05
15:12 முதல் எதிர்க்காற்று. வேகம் 300லிருந்து 260. மிச்சம் 410 கி.மீ. இப்படியே போனால் 18:40 ஆகும். இருட்டில் இருபத்தைந்து நிமிடம் பாட்டரியில் ஓட வேண்டும். பாட்டரி தாங்குவது பதினெட்டு.
கொற்கையிடம் சொன்னேன். பதில்: "பதட்டப்படாதம்மா. நேரம் நல்லாருக்கு."
அறைச் சூடும் என் உடையின் சூடும் அதே பாட்டரியில்தான். இப்போதே இரண்டையும் அணைத்தால் விமானம் போய்ச் சேர்ந்துவிடும். அணைத்துவிட்டேன். வெளியே மைனஸ் எழுபது.

17:50
விரல்கள் மரத்துவிட்டன. முசிறியிலிருந்து ஆக்னஸ்: "அக்கா, எங்க இருக்கீங்க? பிள்ளைங்கள படுக்க வச்சுட்டோம், பேசுனா காத்து செலவாகுதுன்னு."
வருகிறேன் என்றேன். சூடு இல்லை என்பதைச் சொல்லவில்லை.

18:15
சூரியன் போய்விட்டது. 107 கி.மீ. தரையிறக்கத்தைத் தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் சரி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காற்று என்னைக் கொல்லவில்லை. குளிரும் இல்லை. 11:30க்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் முசிறியில் டீ குடித்துக்கொண்டு

18:29
31 பேர். கதவு. அவர் சாவி
நடுக்கம் நின்றுவிட்டது. அது நல்லதில்லை
சாவியை அவரிடமிருந்து வாங்கி

18:41. தானியங்கிப் பதிவு
தரையிறங்கியது. சரக்கு சேதமில்லை. அறை வெப்பம் மைனஸ் 58. விமானிக்கு நாடித்துடிப்பு இல்லை.
முசிறி: "அக்கா, கதவத் தொறங்க. அக்கா?"
கொற்கை: "சரக்கு வந்துடுச்சா? பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே. நல்ல நேரம் பாத்து அனுப்பினா எல்லாம் நல்லபடியா போய்ச் சேரும்."