மாதா கோயிலின் வடக்குச் சுவர்

என் ஆசை அக்கா செபமாலைக்கு,

நம் மாதா கோயிலை இடித்தாயிற்று அக்கா. கடலில் வெட்டியெடுத்துக் கட்டிய முருகைக்கல்லெல்லாம் உப்பில் அரித்துப்போய், போன மழையில் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கடப்பாரை போட்டு நெம்பியபோது, நிற்க மாட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் நீயும் நானும் மண்டபம் கரையில் கப்பலிலிருந்து ரயில் எஞ்சினுக்கான நிலக்கரி சுமந்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்த கையோடு பூசைக்கு வந்தோம். சாமியாருக்கு உதவியாய்க் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் வாசலில் மறித்தார்.

"ஏத்தா, செவரெல்லாம் கரியாகுது. குளிச்சிட்டு வாங்க."

"குளிச்சிட்டு வாரதுக்குள்ள பூசை முடிஞ்சிரும் உபதேசியாரே. மாதா மூஞ்சியச் சுளிச்சா நானே வெளிய போயிர்றேன்."

இப்படிச் சொல்லிவிட்டு நீ உள்ளே நடந்தாய். கரி சுமந்த மற்றப் பெண்களும் நானும் உன் பின்னால் வந்தோம். அடுத்த வாரமே சாமியார் நாம் குளித்துவிட்டு வரட்டுமென்று பூசை நேரத்தைத் தள்ளி வைத்தார்.

அந்த வருஷமே கரிக்குவியல் சரிந்து உன்னை மூடியது. தோண்டியெடுத்தபோது உன் மகள் ரோசம்மா என் இடுப்பில் இருந்தாள். உனக்கு ரொம்ப வலித்ததா அக்கா? இதை நான் யாரிடம் கேட்பேன்? கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டி உன்னைப் புதைத்தோம்.

புதுக்கோயில் பெரிதாக வேண்டுமென்று வடக்கே தள்ளிக் கயிறு கட்டினார்கள். அஸ்திவாரம் உன் மேலேயே வந்தது. "பழைய எலும்புதான, எடுத்து வேற எடத்துல வச்சுக்கலாம்" என்றார் ஊர்க்கூட்டத்தில் ஒருவர். ஒருநாளும் கூட்டத்தில் வாய் திறக்காத நான் எழுந்துவிட்டேன்.

"எங்கக்காவ ஒருதடவ தோண்டியெடுத்தது போதும்யா. இன்னொருதடவ மம்பட்டி பட விடமாட்டேன்."

அந்த உபதேசியார்தான் கம்பை ஊன்றி எழுந்தார். இப்போது ரொம்பத் தளர்ந்துவிட்டார்.

"அன்னைக்கு அந்தப் புள்ளய மறிச்சவன் நானு. இன்னைக்காவது அவ இருக்குற எடத்துல இருக்கட்டும். செவரத் தெக்க தள்ளிக் கட்டுங்க."

மறுநாளே கயிறு தெற்கே போனது. அவரைக் கும்பிட நினைத்தேன், அழுகைதான் வந்தது.

இப்போது கரி ரயில் வேகனிலேயே வந்துவிடுகிறது, சுமக்க ஆள் வேண்டாம். நான் கருவாடு விற்கிறேன். ரோசம்மாவை இராமநாதபுரத்தில் கட்டிக்கொடுத்தேன். பிள்ளை உண்டாகியிருக்கிறாள். கோபம் வந்தால் அச்சு அசல் நீதான்.

வடக்குச் சுவரில் உன் பக்கமாக ஒரு வாசல் வைக்கிறார்கள். பேரப்பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு அந்த வழியாகத்தான் தூக்கிப்போவேன். முதலில் உன்னிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன் அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
அந்தோணியம்மாள்