நானாக விட்ட வேலை

ஜூன் 9, திங்கள்

விடியவிருந்து குளிர்காலத் தூறல். துணி காயவில்லை. கதிரையில் விரித்து ஹீட்டருக்கு முன்னால் வைத்தேன். கரண்ட் பில் நினைவு வந்ததும் ஹீட்டரை நிறுத்தினேன்.

காலை பெனிபிற் ஒபிஸ், வேலையில்லாதவர்களுக்கான உதவிப்பணம் கேட்டு. என் விண்ணப்பத்தைப் பார்க்கிற பெண் சமோவாக்காரி. சின்ன வயது, காதோரம் பூ, நல்ல மரியாதை. வேலையை நானாக விட்டதால் பதின்மூன்று கிழமைக்கு ஒன்றும் இல்லையாம். ஆள்குறைப்பில் போயிருந்தால் இந்தத் தடை வராதாம். 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருக்கிறேனே, அது என்ன என்று கேட்டாள்.

குடும்பக் காரணம் என்றேன். தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

சுதாவுக்குப் போன புதன் தொடக்கம் பணம் வருகிறது. ஒரே அறையில் வேலை செய்தோம். ஒரே மனேஜர்.

இரவு: கருவாட்டுக் குழம்பு. வீடு முழுக்க மணம் என்று மகள் அனிற்றா ஜன்னலைத் திறந்தாள். குளிர்.

ஜூன் 10, செவ்வாய்

எழுதிப் பார்த்தால் ஆறுமா?

ஏப்ரல். மங்கரேயில் நாங்கள் வேலை செய்த சரக்குக் கொம்பனி. சுங்கப் பத்திரங்கள் பார்க்க நானும் சுதாவும்தான். மனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஆள் குறைக்கப் போகிறார்களாம். இப்போதே எழுதிக் கொடுத்தால் நல்ல சான்றிதழ், நல்ல பிரியாவிடை. காத்திருந்தால் 'நடைமுறை' தொடங்கும், அது ஒருவருக்கும் நல்லதல்ல. சொல்லும்போது என் முகத்தைத்தான் பார்த்தார்.

அடுத்த நாளே எழுதிக் கொடுத்தேன். வேலையால் நிற்பாட்டினார்கள் என்று எங்கட ஆட்கள் வாயில் வரக் கூடாது. அவ்வளவுதான் அப்போது மனதில்.

கார் நிறுத்துமிடத்தில் சுதா: "ஏன்க்கா நீங்களா எழுதிக் குடுத்தீங்க? தூக்கணும்னா அவங்களே தூக்கட்டும். நான் நகர மாட்டேன்."

சரியான சென்னைக்காரி, வெட்கம் கெட்டவள் என்று நினைத்தேன்.

எனக்குக் கேக், கார்ட், பூச்செண்டு. அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து ஆள்குறைப்புக் கடிதம் மட்டும். அன்றைக்கு அவளைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தேன். நான்!

ஜூன் 12, வியாழன்

வெயில். நியூ லின் மோலில் முட்டை வாங்கப் போனால் சுதா எதிரில். தப்ப வழியில்லை.

அவளிடம் இருப்பவை:
– தலைக்குப் புது நிறம், செம்பு
– காலை பத்து மணி வரை நித்திரை
– நீச்சல் வகுப்பு (இந்தக் குளிரில்!)
– கடை வாசலில் நின்று உரத்துச் சொல்கிற வாய்: "ஆமாக்கா, என்னைத் தூக்கிட்டாங்க!"

கடைசியைத்தான் தாங்க முடியவில்லை. நிறத்தை நானும் அடிக்கலாம்.

"அந்த மேனேஜருக்காகக் கோயில்ல ஒரு தேங்கா உடைச்சேன்க்கா. இப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நீங்க பெனிஃபிட் அப்ளை பண்ணிட்டீங்களா?"

"எனக்கென்னத்துக்கு அது? கொஞ்ச நாள் ஆறி இருக்கிறன்."

"குடுத்து வெச்சவங்க நீங்க."

கோப்பிக்கு அவள்தான் காசு கொடுத்தாள். விட்டுவிட்டேன். குடித்தேன். முட்டையை மறந்து வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

சேர்ச்சிலிருந்து ரீட்டா அக்கா போன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் வாசிக்கிற மன்றாட்டுக்குப் பெயர் சேர்க்கிறா. நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், வேலை இழந்தவர்கள்.

"சுதா எண்டு போடுங்கோ அக்கா. வேலை இழந்தவைக்குள்ள."

"அந்தச் சென்னைப் பிள்ளையோ? அவ சைவ சமயமெல்லே?"

"ஆண்டவருக்கு அதில என்ன?"

"உமக்கு நல்ல மனம், பிள்ளை."

ஓம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

'வேலை இழந்த சகோதரி சுதாவுக்காக.' கோயில் முழுக்க, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். நானும் சொன்னேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரத்து.

பிறகு மண்டபத்தில் தேத்தண்ணி. பின்னால் ஒரு குரல், "நீங்களும் அங்கதானே வேலை?"

"நான் நானா விட்டனான்."

"அதுதானே பாத்தன். படிச்ச ஆக்கள் நேரத்துக்கு வெளிக்கிட்டிடுவினம்."

இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். நல்ல உறைப்பு. இந்தக் கிழமையில் சந்தோஷமாயிருந்த ஒரே பத்து நிமிஷம்.

வீட்டில் அனிற்றாவிடம் புலம்பினேன், சுதாவுக்குக் கிடைக்கிறது எனக்கு இல்லையே என்று. போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, யூ குவிட். ஷி டிட்ன்ற்."

இரண்டு வசனத்தில் முடிந்தது.

சேமிப்பு ஜூலை நடு வரைக்கும் வாடகைக்குக் காணும். அதற்குப் பிறகு தூரத்தில், தகனினியில், தம்பியின் கராஜில்தான் குடியிருக்க வேண்டும். அனிற்றாவுக்கு இது பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். அங்கேயிருந்து எப்படி இங்கே வந்து படிப்பாள்? நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வேலை செய்கிற கோழிக் கடையில் இன்னும் ஒரு நாள் கேட்டிருக்கிறாளாம். இரசாயன வகுப்பு நாளில்.

ஜூன் 17, செவ்வாய்

ஒபிஸ் பெண் போன் எடுத்தாள். விலகச் சொல்லி நெருக்கினார்கள் என்றால் அது வேறு கதையாம். அந்த அறையில் இருந்த யாராவது சொன்னால் தன் முடிவைத் திரும்பப் பார்க்கலாமாம். வியாழன் திரும்பப் போன் எடுக்கிறாளாம். வெள்ளி மதாரிகி, இந்த நாட்டுப் புதுவருஷ விடுமுறை.

அறையில் இருந்தது மூன்று பேர். மனேஜர், நான், சுதா.

பின்னேரம் வரை மெசேஜ் எழுதினேன், அழித்தேன். அனுப்பி அரை நிமிஷத்தில் போன்.

"என்னக்கா, இதுக்குப் போய் 'தயவுசெய்து'ன்னு எழுதிருக்கீங்க! நான் வரேன், நேர்லயே."

பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "சர்ச்ல என் பேர் சொல்லி வேண்டிக்கிட்டீங்களாமே. என்கூடத் தங்கியிருக்கற மன்னார்ப் பொண்ணு சொன்னா. வேலை போச்சுன்னதும் எங்க அம்மாவே என்னைத் திட்டத்தான் செஞ்சாங்க. நீங்க..."

நான், "ஓம்." 

ஜூன் 19, வியாழன்

மழை விட்டு விட்டு. சுதா முறுக்கோடு வந்தாள். குசினி மேசையில் போன், ஸ்பீக்கரில்.

ஒபிஸ் பெண் கேட்டாள்: இவர் விரும்பி விலகினாரா?

சுதா இங்கிலிஷில், மூச்சு விடாமல்: இல்லை, வெளியே அனுப்பினார்கள். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டதற்கு முதல் நாள் மனேஜர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டாராம். முதலில் இவர்தான் போக வேண்டும், நான் நல்ல விதமாகத்தான் சொன்னேன் என்பதற்கு நீ சாட்சியாக இரு என்றாராம். தன்னை அனுப்புகிற யோசனை அப்போது இல்லையாம்.

கேத்தில் கொதித்து நின்றது. நான் எழும்பவில்லை.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம். தடையை எடுக்கிறேன் என்றாள் அந்தப் பெண். வாழ்த்தும் சொன்னாள்.

போனை வைத்த பிறகு கேட்டேன். "உமக்கு முதலே தெரியுமோ?"

முறுக்கை உடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். "தெரியும்க்கா. கேக் வெட்டுறப்ப அவ்ளோ சிரிச்சுட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

அவள் போன பிறகு அழுதேன். வாடகை கிடைக்கும், அனி இங்கேயே படிப்பாள், அதற்கும் கொஞ்சம். மீதியெல்லாம் இதற்கு: அவளை வைத்திருக்க நினைத்தார்கள். என்னை இல்லை. பதினொரு வருஷம் நான், அவள் நாலு.

முறுக்கு நல்லாயிருந்தது. அதுவும் அவளுக்கு வருகிறது.

ஜூன் 20, வெள்ளி

விடுமுறை. வானம் கழுவி விட்டதுபோல. அனி கடை வேலையைக் கூட்டவில்லை, வகுப்புக்குப் போகிறாளாம்.

சுதாவின் மெசேஜ்: செவ்வாய் ஏர்போர்ட்டில் இன்டர்வியூ, வேண்டிக்கோங்கக்கா. கூடவே சிரிக்கிற முகம் நாலு. ஓம் என்று அனுப்பினேன். மனதுக்குள் கிடைக்காது என்று ஒரு குரல். அதை அடக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பின்னேரம் ரீட்டா அக்கா, பெயர் கேட்டு.

"சுதாவின்ர பேர் இந்த முறையும் போடட்டோ?"

"போடுங்கோ. என்ர பேரையும்."

"என்ன, சுகமில்லையோ?"

"இல்லை அக்கா. வேலை இழந்தவைக்குள்ள."

அந்தப் பக்கம் பேனை மூடியைக் கழற்றுகிற சத்தம்.

"நீர் நீராத்தானே..."

"இல்லை. அனுப்பிப் போட்டாங்கள்."

எழுதினா. சுதாவுக்குக் கீழேதான் எழுதுகிறா என்று தெரிந்தது.

"அக்கா, என்ர பேரை முதல் வாசியுங்கோ. முதல் அனுப்பினது என்னைத்தான்."