லிஃப்டுக்குள் நிற்பவரிடம் பேசுவது

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நான் ஓடியாடிக்கொண்டிருக்கிறேன். அப்பா சுகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் காது கேட்கிறது, எல்லாம் புரிகிறது. டாக்டர் ஃபோனில் சொன்னது பாதிதான் விளங்கியது என்றாயே, விஷயம் இதுதான். கொசு கடித்து வந்த சிக்குன்குனியா போய்விட்டது. அதோடு சண்டை போட்ட எதிர்ப்புச் சக்தி அடங்காமல் அவர் நரம்புகளையே தாக்கிவிட்டதாம். ஆயிரக்கணக்கானவர்களில் யாரோ ஒருவருக்குத்தான் இப்படி ஆகுமாம். பாதம் மரத்தபோது, ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணினேன், இப்ப என் காலே சர்வீஸுக்கு வந்துடுச்சுடி என்று சிரித்தார். காய்ச்சல் விட்டுவிட்டுப் போன மூட்டுவலி என்று நானும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது காலிலிருந்து கைக்கு ஏறி, முகத்துக்கு ஏறி, கடைசியில் மூச்சையும் பிடித்துக்கொண்டது. இப்போது தொண்டையில் குழாய், பக்கத்தில் மெஷின். கண் மட்டும்தான் அசைகிறது. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அவர் காதில் வைத்தேனே, அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துடுவீங்கப்பா என்று நீ சொன்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டவர்தான், யார் கேட்டதற்கும் பதிலில்லை. நோய் கூடவில்லை, மனசுதான் விட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர். அப்பாவோடு லிஃப்ட் வேலை பார்த்தவர், கையெல்லாம் கிரீஸ் கறையோடு வருவாரே, நம் கிரீஸ் சித்தப்பா வந்திருந்தார். அடுத்த வாரம் என்று நாம் சொல்லிவந்ததை அவரிடம் சொன்னேன். என்ன அண்ணி, லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட இதோ அஞ்சு நிமிஷம்னு சொன்னா அண்ணன் எங்களை உரிச்சுடுவாரே, அப்புறம் நீ எதைச் சொன்னாலும் உள்ள இருக்கிறவன் நம்பமாட்டான்டான்னு கத்துவாரே என்று என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு குனிந்து, அண்ணே, நான்தான், ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறீங்க, கயிறு அறுந்துபோகல, எப்ப நகரும்னு எனக்குத் தெரியாது, நான் வெளியிலயேதான் இருக்கேன் என்றார். கண் திறந்தது. மேலே பார்த்தார். நானும் டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன், நிறையப் பேர் எழுந்து நடந்துவிடுகிறார்கள், ஆனால் மாசக்கணக்காகும், எத்தனை மாசம் என்று டாக்டருக்கே தெரியாது என்று. அதற்கும் மேலேதான் பார்த்தார்.

உங்கள் பால்கனித் தொட்டிகளில் தண்ணீர் தேங்கவிடாதே. நல்லா இருங்கள் எல்லாரும். அடுத்த தடவை கூப்பிடும்போது நாள் எதுவும் சொல்லாதே. சின்னவனுக்குப் பல் விழுந்ததைச் சொல், பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல். பதில் வரவில்லையே என்று பாதியில் நிறுத்திவிடாதே. வெளியே சத்தம் நின்றால்தான் உள்ளே இருப்பவருக்குப் பயம் வருமாம், அதுவும் அப்பா சொன்னதுதான்.

கட்டிலுக்கு வெளியே நிற்கும்
அம்மா