டிக்கெட்டில் அச்சடித்த நம்பர்

மஞ்சக்குப்பம், கடலூர்
புதன்கிழமை

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும், உன் தம்பி அறிவுமதியும் மாலதியும், குட்டி கனிமொழியும் இங்கே சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை, காலையில் என்னோடு தேவனாம்பட்டினம் கடற்கரை வரைக்கும் நடந்து வருகிறாள், ஆனால் படகிலிருந்து இறங்குகிற மீனைப் பார்த்துவிட்டால் வலி எங்கே போகுமோ தெரியாது, பேரம் பேச நின்றால் நகரமாட்டாள், நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்து அத்தை மகனுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பேசியிருக்கிறார்கள், நர்ஸ் வேலை பார்க்கிற பெண், தை பிறந்ததும் கல்யாணம் என்கிறார்கள், லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. இதையெல்லாம் சொல்லப் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நான் கத்துவேன், கத்தினால் பிரஷர் ஏறும் என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், விஷயம் பாதியில் நின்றுவிடும். பேனாவை யாரும் பிடுங்கப்போவதில்லை. அதனால் ஆர அமர உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

போன மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலதியின் அக்கா சிதம்பரம் அண்ணாமலை நகரில் புதுவீடு குடிபோனாள், நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். சாயங்காலம் திரும்பும்போது முத்துரதம் பஸ்ஸில் ஏறினோம். நீ இங்கே இருந்தவரைக்கும் அது சாதாரண பஸ், இப்போது அது பெரிய நட்சத்திரம். உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி கலர் கலராக விளக்கு, காதைக் கிழிக்கிற பாட்டு, பாட்டாகவே பாடுகிற ஒரு ஹாரன். இன்ஸ்டாகிராமில் அந்த பஸ்ஸுக்கு ரசிகர்கள் மட்டும் லட்சக்கணக்கில் என்று அறிவு சொன்னான். சிதம்பரத்திலேயே வண்டிகேட் தாண்டுவதற்குள் கனி தூங்கிவிட்டாள். அவள் தூங்கினால் காதுக் கருவி தலையிலிருந்து நழுவி விழும் என்பது உனக்குத் தெரியும். ஆபரேஷன் செய்து உள்ளே வைத்தது உள்ளேயே இருந்தாலும், வெளியே ஒட்டிக்கொள்கிற அந்தக் கருவி இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. மாலதி அதைக் கழற்றிச் சின்னப் பர்ஸில் வைத்து, பர்ஸைப் புதுமனை புகுவிழா என்று அச்சடித்த தாம்பூலப் பைக்குள் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் தலைக்கு மேலே இருக்கிற கம்பித் தட்டில் வைத்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டு வந்ததும் கண்டக்டர் எறங்கு எறங்கு என்று விரட்டிய விரட்டில் தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினோம், பை மேலேயே நின்றுவிட்டது, வண்டி பாண்டிச்சேரிக்குப் போய்விட்டது. மறந்தது நான்தான், அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதற்கப்புறம் நடந்ததைக் கேள்.

டிக்கெட்டின் அடியில் புகாருக்கு என்று ஒரு நம்பர் அச்சடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே நின்று போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்து வைத்த குரலில் ஒரு அம்மா சொன்னாள். திரும்பத் திரும்பப் போட்டேன், திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். டெலிபோன் எக்சேஞ்சில் புகார் மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். மணி அடித்தால் கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு எடுக்க வேண்டும், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். செத்துப்போன நம்பரைத் தினமும் ஆயிரக்கணக்கான டிக்கெட்டில் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார்களே, அச்சடிக்கிற மெஷின் மட்டும் புத்தம் புதுசு. அறிவு உடனே அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு எழுதினான், குழந்தையின் காதுக் கருவி உங்கள் பஸ்ஸில் இருக்கிறது, தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று நம்பரோடு. அடுத்த நொடியே பதில் வந்தது. நன்றி ப்ரோ, முத்துரதம் குடும்பத்தோடு இணைந்திருங்கள் என்று எழுதி ஒரு சிவப்பு இதயம். மனுஷன் யாரும் அனுப்பவில்லையாம், தானாகவே போகுமாம். அறிவு நாலு தடவை எழுதினான், நாலு இதயம் வந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பக்கத்தில் புது வீடியோ ஒன்று போட்டிருந்தார்கள், பஸ்ஸின் உள்ளே முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் விளக்கைக் காட்டி. மாலதி பார்த்துவிட்டு அலறினாள். கம்பித் தட்டில் எங்கள் பை பாட்டுக்கு ஏற்ற மாதிரி ஆடிக்கொண்டு இருக்கிறது, புதுமனை புகுவிழா என்று எழுத்துக்கூடத் தெரிகிறது. நான் அறிவின் போனை வாங்கிக்கொண்டு அவர்களுடைய கடலூர் ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் சுவரில் இரண்டு லட்சம் ரசிகர்கள் சேர்ந்ததற்கு கேக் வெட்டிய போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா, பஸ்ல கெடைக்கிற பொருளு சிதம்பரம் ஷெட்டு பீரோவுல இருக்கும் சார், வெள்ளிக்கெழமைதான் கணக்கோட இங்க வரும், மொதலாளி வந்து கையெழுத்து போடணும், நீங்க டிக்கெட்ட ஒட்டி மனு எழுதிக் குடுத்துட்டு சனிக்கெழம வாங்க என்றார். வீடியோவைக் காட்டினேன். இந்த வீடியோல்லாம் ரெக்கார்டுல எடுத்துக்க முடியாது சார், கண்டக்டர் கைப்பட எழுதிக் குடுக்கணும் என்றார். இது உங்கள் பஸ், உங்கள் பக்கம், உங்கள் வீடியோ என்றேன். பேஜு எங்க கையில இல்ல சார், அத மொதலாளி மருமவன் மெட்ராஸ்ல இருந்து பாக்குறாரு, நாங்க யாரும் அதப் பாக்குறதில்ல என்றார். சரி, ஷெட்டுக்கு ஒரு போனாவது போடுங்கள் என்றேன். டூட்டியில யாரும் போன் வச்சிருக்கக் கூடாதுன்னு பெரிய மொதலாளி காலத்துல இருந்து ரூல் சார் என்றார். இலக்கியா, உலகத்துக்கே வீடியோ காட்டுகிற கம்பெனியில், கடலூரில் இருக்கிறவன் சிதம்பரத்தில் இருக்கிறவனோடு பேச வழி இல்லை. புறாவாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வீட்டில் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை. முதல் நாள் தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திக் கத்திப் பேசினாள். நாங்கள் பதில் சொல்வது தெரியாமல் எங்கள் வாயையே பார்த்தாள். அப்புறம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டு இப்போதுதான் என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்தவள், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தலையில் அந்தக் கருவி ஒட்டுகிற இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கருவி இல்லாமல் அனுப்பாதீர்கள் என்றார்கள். புதுசு வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வந்து சேர மாசக்கணக்காகும் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், அவ்வளவு தூரத்தில் கிடந்து அழுவாள் என்று அறிவு எங்கள் எல்லார் வாயையும் அடைத்துவிட்டான். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது என்று மாலதி செவ்வாய்க்கிழமை கனியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் கிளம்பினாள், நானும் கூடப் போனேன்.

ஷெட்டில் ஒரே கூட்டம். புது பஸ் ஒன்றுக்கு மாலை போட்டு, வீடியோ எடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வந்து, இன்ஸ்டாகிராமில் நேரலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஷெட்டுப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். பையி இருக்கு, பீரோவுல இருக்கு, ஆனா கடலூர் ஆபீஸ் சீட்டு இல்லாம குடுக்க முடியாது என்றார். அந்த பீரோ எனக்கே தெரிகிறது, கண்ணாடிக் கதவு, உள்ளே எங்கள் பை. நான் கத்த ஆரம்பித்தேன், வீடியோ எடுக்கிறவன் சத்தம் வருது பெருசு, கொஞ்சம் தள்ளிப் போ என்றான். நம் மாலதியை உனக்குத் தெரியும், நாலு பேர் முன்னால் சாப்பிடக்கூட வெட்கப்படுகிற பெண். அவள் நேராகப் போய் அந்தப் புது பஸ்ஸுக்கு முன்னால் கேமரா பார்க்கிற இடத்தில் நின்றாள், கனியைக் கீழே இறக்கிவிட்டாள். அந்த வண்டி டிரைவர் இளவரசு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஹாரன் அடிங்க அண்ணா என்று ஆயிரம் பேர் நேரலையில் எழுதுகிறார்களாம், அவரும் நகரச் சொல்லி அடித்தார். ஷெட்டே அதிர்ந்தது, நான் காதைப் பொத்திக்கொண்டேன், மரத்தில் இருந்த காக்காயெல்லாம் பறந்தது. கனி பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே கிடந்த சாமந்திப் பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் மறுபடியும் அடித்தார். அவள் இன்னொரு பூவை எடுத்தாள். அப்போதுதான் அந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்கி வந்து, ஏம்மா, பாப்பாவுக்குக் காது கேக்காதா என்று கேட்டார். கேக்கும்ணா, காது உங்க ஷெட்டு பீரோவுல இருக்கு என்றாள் மாலதி.

இளவரசு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பொறுப்பாளர் மேசையில் இருந்த சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, பையைக் கொண்டுவந்து மாலதி கையில் கொடுத்தார். அவள் கருவியைப் பிள்ளை தலையில் வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது, நான் கனி என்று கூப்பிட்டேன். திரும்பி என்னைப் பார்த்து, ஏன் தாத்தா அழுவுற என்று கேட்டாள். அறுபத்தாறு வயசில் பஸ் ஷெட்டில் நின்று அழுதேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் அந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ போட்டார்கள். பிள்ளை பூப் பொறுக்குவது, இளவரசு பையைக் கொடுப்பது, பின்னால் சோகமாக ஒரு வீணை. மனிதநேயத்தின் மறுபெயர் முத்துரதம் என்று மேலே எழுத்து. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கனி முகத்தை மட்டும் ஒரு பூப்படம் போட்டு மறைத்துவிட்டார்கள், மாலதியின் முதுகுதான் தெரிகிறது, அவள் சொன்னதை வெட்டிவிட்டார்கள். நான் மறுபடியும் கடலூர் ஆபீசுக்குப் போனேன், எடுக்கச் சொல்லிக் கேட்டேன். மனு எழுதிக் கொடுங்கள் என்றார் மேனேஜர். வீடியோவை ரெக்கார்டில் எடுத்துக்கொள்ள முடியாது என்ற அதே வாய். அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. கடலூர் சீட்டு இல்லாமல் பீரோவைத் திறந்ததற்கு இளவரசுக்கு மெமோ கொடுத்து ஒரு வாரம் டூட்டி இல்லை என்று உட்கார வைத்திருக்கிறார்கள். வீடியோவில் அவர் தெய்வம், ஆபீசில் அவர் குற்றவாளி. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அறிவு அந்த வீடியோவை மறுபடியும் எனக்குக் காட்டினான். கீழே ஆயிரக்கணக்கில் பாராட்டு. அதில் உன் பெயரும் இருந்தது இலக்கியா. எங்க ஊரு பஸ், எங்க ஊரு மனசு என்று எழுதி நீ உன் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாய். உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், முகத்தை மறைத்துவிட்டார்கள், நாங்களும் சொல்லவில்லை. ஆனாலும் அதில் அவள் போட்டிருக்கிற சட்டை நீ அவளுடைய பிறந்தநாளுக்கு ஆக்லாந்திலிருந்து அனுப்பியது. கம்பெனிகளுக்கு இந்த மாதிரிப் பக்கம் நடத்திக் கொடுப்பதுதான் உன் பிழைப்பு, அதில் எனக்குப் பெருமைதான், உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நீ ஒரு வேலை செய். நான் எழுதினால் பெருசு உளறுகிறது என்பார்கள், உனக்கு அந்தப் பாஷை தெரியும். அந்த வீடியோவுக்குக் கீழே நீ எழுதியதை எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளை என் மருமகள், இரண்டு நாள் அவளுடைய காது இவர்கள் பீரோவில் பூட்டிக் கிடந்தது, திறந்துவிட்டவருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், டிக்கெட்டில் இருக்கிற நம்பர் வேலை செய்யவில்லை என்று எழுது. பெயர் போட்டே எழுது. இன்று காலையில்கூட அந்த பஸ்ஸில் ஏறி ஒரு டிக்கெட் வாங்கிப் பார்த்தேன், அதே செத்த நம்பர்தான் இருக்கிறது. நாளைக்கு எவனோ ஒருத்தன் என்னை மாதிரி பஸ் ஸ்டாண்டில் நின்று அதைப் போட்டுக்கொண்டிருப்பான்.

உன் வேலையிலும் யாராவது ஒரு பொருளைத் தொலைத்துவிட்டு உன் பக்கத்தில் எழுதினால், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, ஒரு மனுஷியாக நீயே படித்துப் பதில் போடு. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையை அம்மா விசாரித்ததாகச் சொல், முடிந்தால் கொஞ்சம் கருவாடு அனுப்புகிறாளாம், உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் விடுவார்களா என்று கேட்டுச் சொல். இருவரும் நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

கனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து இங்கே பக்கத்தில்தான் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டு, அத்தை எப்ப பேசும் என்று கேட்கிறாள். இதயப் படம் எதுவும் அனுப்பாதே அம்மா. அவளைக் கூப்பிடு, அவளுக்கு இப்போது கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
செந்தமிழ்செல்வன்