பருவின் மேல் ஒரு பொட்டு மருந்து

அன்பு மகள் பட்டுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால்தான் அவ்வப்போது முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அதிலும் உன் தாடையில் கிளம்பியிருக்கும் மூன்று பருக்களும் அலுவலக அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதற்குள் அடங்க வேண்டும். பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு சிவப்புக் கார் வந்தது, கதவில் சுண்டுவிரல் நீளத்துக்குக் கீறல். கார்க்காரர் கதவு முழுக்கப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார், நான் கீறலை மட்டும் அடைத்து விளிம்பைச் சுற்றிலும் தேய்த்துக் கரைத்தேன், பிறகு அவருக்கே இடம் தெரியவில்லை. அம்மா வழக்கம்போல் விடியுமுன்பே மருத்துவமனைச் சலவைக்குக் கிளம்பிவிடுகிறாள். சரி, சுற்றி வளைத்தது போதும்.

மூன்று வாரத்துக்கு முன் நீ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை ஒரு கையில் களிம்பும் மறு கையில் பஞ்சுக்குச்சியுமாக வந்து, "ஒரு நிமிஷம் மாமா" என்று என்னிடமே அனுமதி கேட்டு, உன் முகவாயைத் திருப்பிப் பருவின் மேல் ஒரு பொட்டு வைத்தாரே, அன்றைக்கு லைன் சரியில்லை என்று போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அம்மாவிடம் சொன்னால், "மருமகனோட போட்டி போடுற வயசா இது, வெளிய சொன்னா சிரிப்பாங்க" என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். நீ பத்தாவது படித்த வருஷம் அவள் வேலைக்குப் போன பிறகு உன் முகம் என் பொறுப்பாகத்தானே இருந்தது. முதல் நாள் நான் பட்டறைப் புத்தியில், விளிம்பு தெரியக் கூடாதென்று மருந்தைச் சுற்றிலும் பொத்தான் அகலத்துக்கு இழுத்துத் தேய்த்துவிட்டேன். தோல் காய்ந்து உரிந்து, நீ ஒரு வாரம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். மருந்துக்கடை அம்மா என்னை நிற்க வைத்து, "இது முகங்க, கார் கதவு இல்லை, பரு மேல மட்டும் தொட்டு வைங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு இரண்டு வருஷம், தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி நான்தான் வைத்தேன், ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

மாப்பிள்ளை எடுத்த எடுப்பிலேயே சரியாக வைத்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவையாவது தப்பு செய்திருக்கலாம் மனுஷன். மறுநாள் காலையில், அந்த மருந்து நாள்பட்டால் தோலைக் கறுப்பாக்குமாம், மருந்துக்கடை அம்மா சொன்னார், உடனே நிறுத்து என்று உனக்கு அனுப்பினேனே, அது பொய். நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. நீ என்னை நம்பிக் களிம்பைக் குப்பையில் போட்டாய், "எங்கப்பாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது" என்று அவரிடமும் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது, வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். ஆனால் நேற்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், ஒன்று மூன்றாகிவிட்டது. மாப்பிள்ளை அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, "நான் என்ன தப்பு பண்ணினேன்" என்று மட்டும் கேட்டார் என்று எழுதியிருக்கிறாய். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், அதுவும் என் மடியில் விடாமல் உன் மடியில்.

இன்று காலை நிஜமாகவே கடைக்குப் போய்க் கேட்டேன். "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்?" என்று அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். அதே மருந்தை மறுபடி வாங்கிக்கொள். முகத்தைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, பருவின் மேல் மட்டும் துளியூண்டு. நன்றாகக் காய்ந்த பிறகு படு, இல்லாவிட்டால் தலையணை உறை வெளுத்துவிடும். எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். கிள்ளாதே, உன் விரல் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை அப்படியே கொடுத்துவிடு, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, மாமனார்தான் பொறாமை பிடித்த மனுஷன் என்று அவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். இனி அவரே வைக்கட்டும்.

இருவரும் மனம் ஒத்து நீண்ட நாள் நன்றாக வாழ அப்பா அம்மாவின் ஆசிகள். ஒன்றை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல். மருந்து வைக்கும்போது நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய், "முடிஞ்சுதும்மா" என்று சொன்னால்தான் விடுவாய். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லாமல் குச்சியைப் போட உள்ளே போய்விட்டார், நீ கண்ணை மூடி அப்படியே இருந்தாய். நான் இங்கிருந்து சொல்ல வாயைத் திறந்துவிட்டுத்தான் போனை வைத்தேன். குச்சியை எடுத்ததும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல். அதுவாவது என்னிடம் இருக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
உன் அப்பா